நாற்பது அனுபவசாலிகள்

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மருத்துவக் கருவிகள் வாரியத்தின் தலைமைக் கிடங்கில், இரண்டாம் மாடியில், நாற்பது பழைய ரவுட்டர்களின் பின்பக்கத் துளைகளில் அரக்கு ஊற்றி முத்திரை வைக்கப்பட்டது.

அவை ஒரு தங்கும் விடுதியிலிருந்து வந்தவை. விடுதி நொடித்துப்போய்க் கட்டில், கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று எல்லாவற்றையும் விற்றபோது வாரியம் ரவுட்டர்களை எடுத்துக்கொண்டது. "பழையது" என்ற சொல் வாரியத்தில் புழக்கத்தில் இல்லை. "அனுபவமுள்ள கருவி" என்றுதான் சொல்ல வேண்டும்.

துளைக்கு ஒரு முன்கதை உண்டு. முந்தைய ஆண்டு ஏதோ ஒரு மையத்தில் எழுத்தர் ஒருவர் ரவுட்டரின் பின்னால் சின்னத் துளை இருப்பதைக் கவனித்தார். துளை என்று ஒன்று இருந்தால் அதில் எதையாவது விட்டுப் பார்க்கத் தோன்றும். அவர் கொண்டை ஊசியை விட்டு அழுத்தினார். அந்த ரவுட்டர் தனக்குச் சொல்லிக்கொடுத்தவை அனைத்தையும் மறந்தது. வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. குற்றம் துளையுடையது என்று குழு கண்டது. துளைக்குள் ஒரு பொத்தான் இருப்பதும், அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதும் குழுவின் விசாரணை வரம்புக்குள் வரவில்லை.

நாற்பதில் ஒன்று, மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவ மையத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு அறைகள், ஒரு கட்டில், ஒரு கணினி, ஒரு குளிர்பெட்டி, கத்தரிகளையும் ஊசிகளையும் கொதிக்கவைக்கும் ஒரு பெரிய பாத்திரம், சுவரில் கம்பி வழி வரும் தொலைபேசி. கைபேசியை அங்கே நேரம் பார்க்கத்தான் பயன்படுத்தலாம், மலை மறைத்தது. டாக்டர் கிடையாது. ஒரு நர்ஸ் இருந்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், அவருடைய மாமனார் உட்பட. மாமனார் தச்சர். மையத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் மகன், மருமகளோடு இருந்தார். மகன் லாரியோடு வெளியூரிலேயே கிடப்பவன். மையத்துக்குள் வந்தால் "சிஸ்டர்", வாசலைத் தாண்டினால் "மருமகளே" என்பது தச்சர் தாமே வகுத்துக்கொண்ட விதி.

தச்சருக்கு நெஞ்சில் அடைப்பு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், வளைந்து வளைந்து போகும் பாதையின் கடைசியில் இருந்தது. இந்த மாதிரி நோயாளிகளுக்காக ஒரு ஏற்பாடு உண்டு. வலி என்று வந்தால் சிஸ்டர் இசிஜி எடுத்து இணையத்தில் அனுப்புவார். அங்கே டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றால், குளிர்பெட்டியில் இருக்கும் ஊசியை, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, சிஸ்டர் போடலாம். டாக்டர் பார்க்காமல் போடக் கூடாது. தவறான ஆளுக்குப் போட்டால் மூளையில் ரத்தம் கசியும். போடாமல் ஆம்புலன்சில் ஏற்றினால், போய்ச் சேரும்வரை இதயம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு ரவுட்டரை நம்பி இருந்தது. முந்தைய ரவுட்டர் இடி விழுந்து போய்விட்டிருந்தது.

புதிதாக வந்த அனுபவசாலிக்கு மின்சாரம் கொடுத்ததும் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. சாயங்காலம் வரை மினுக்கிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் வாரியத்தின் உதவி மையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கருவி அனுபவமுள்ளதா, அனுபவமில்லாததா?"

"பழசு சார்."

"அப்படி ஒரு வகை இல்லம்மா."

"சரி, அனுபவமுள்ளது. ஆன் ஆகவே மாட்டேங்குது."

"விளக்கு எரியுதா?"

"ஒரே ஒரு சிவப்பு விளக்கு. காலையிலேர்ந்து மினுக் மினுக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு."

"அது யோசிக்குதும்மா. அனுபவசாலி இல்லையா, எடுத்தோம் கவுத்தோம்னு செய்யாது."

"எவ்வளவு நேரம் யோசிக்கும்?"

"அதையெல்லாம் நாங்க கேக்கறதில்ல."

"நானே ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாக்கட்டுமா?"

மறுமுனையில் இருந்தவரின் குரல் மாறியது. தன்னிச்சையாக அணைப்பது குற்றம் என்றும், அதற்கு மறுதொடக்கக் குழு கூட வேண்டும் என்றும் சொன்னார். மையப் பொறுப்பாளர், ஊழியர் ஒருவர், பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர். ஊழியராக ஆம்புலன்ஸ் டிரைவரும், பொதுமக்களாகத் தச்சரும் அமைந்தார்கள். வேறு ஆள் இல்லை.

விதிப்படி, பொறுப்பாளர் உரத்த குரலில் "அணைக்கிறேன்" என்று அறிவிக்க வேண்டும். மற்ற இருவரும் "கண்டோம்" என்க வேண்டும். பிறகு கருவி ஓய்வெடுக்கும்வரை மூவரும் பேசாமல் நிற்க வேண்டும். சிஸ்டர் அறிவித்தார். இருவரும் கண்டார்கள்.

"பேசாம நிக்கிறது செத்தவங்களுக்கு இல்லையா?" என்றார் தச்சர்.

"பேசக் கூடாது மாமா, மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்."

"என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சாட்சி இல்ல சிஸ்டர்," என்றார் டிரைவர். "இருந்திருந்தா எவனாவது தடுத்திருப்பான்."

முதலிலிருந்து செய்தார்கள். சிவப்பு விளக்கு மினுக்கியது. அடாப்டரை மாற்றினார்கள், ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார்கள், டிரைவர் தன் வண்டிக்குச் செய்யும் வைத்தியமாக முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வாரத்துக்கு மூன்று முறை குழு கூடியது. ஒவ்வொரு முறையும் கருவி சிவப்பாக மினுக்கியதை மூவரும் கண்டார்கள்.

கடைசியில் சிஸ்டர் ரவுட்டரைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு தலைமையகத்துக்குப் போனார்.

அங்கே கருவி நலப் பிரிவின் காத்திருப்புக் கூடம் நிறைந்திருந்தது. வேறு மையங்களிலிருந்து வந்தவர்கள் மடியில் ஆளுக்கொரு ரவுட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தம்முடையதைப் போர்வையில் சுற்றியிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"உங்களுதும் சிவப்பா?"

"ஆமா. உங்களுது?"

"சிவப்புதான். ஆனா ராத்திரி கொஞ்சம் வேகமா அடிக்கிற மாதிரி எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

முறை வந்தபோது முதல் மேசையில் ரவுட்டரை எடை போட்டார்கள். இரண்டாவது மேசையில் அதன் முதுகைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள். மூன்றாவது மேசையில் ஒருவர் விவரம் கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"வந்ததிலேர்ந்தே."

"முன்னாடி இருந்த ரவுட்டருக்கு ஏதாவது பிரச்சினை?"

"இடி விழுந்து செத்துப்போச்சு."

"ஓ, குடும்பத்துல இடி இருக்கு," என்று அவர் தலையாட்டினார். சிஸ்டர் தம் வேலைக்காலம் முழுவதிலும் எந்த நோயாளியையும் யாரும் இவ்வளவு கனிவாக விசாரித்துப் பார்த்ததில்லை.

நான்காவதாக ஓர் அறையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி இருந்தார். அவர் மின்சாரம் கொடுக்கவில்லை. ரவுட்டரைத் திருப்பி, பூதக்கண்ணாடியை எடுத்து, துளையின் மேல் இருந்த அரக்கை நெடுநேரம் பார்த்தார். வாரியத்தின் சின்னம் சுடர்விடும் விளக்கு.

"அருமை. திரிகூடத் தெரியுது பாருங்க. நல்லா ஆழமா இறங்கியிருக்கு. அந்தப் பசங்க அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருக்காங்க."

"சார், இது வேலை செய்யல."

"முத்திரை முழுசா இருக்கேம்மா."

"வெளியில உக்காந்திருக்கறவங்களுக்கும் இதே கதைதான் சார். நாப்பதும் இப்படியேதான் அடிக்குதாம்."

அதிகாரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நாப்பதுமா? ஒண்ணுகூட விடாமயா?"

"ஆமா சார்."

"ஒண்ணு ரெண்டு இப்படி அடிச்சா அது பழுதும்மா. நாப்பதும் ஒரே மாதிரி அடிச்சா அதுக்குப் பேரு தரம். முன்னாடியெல்லாம் ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓடாது, மையத்துக்கு மையம் சண்டை. இப்ப யாராவது பக்கத்து மையத்தப் பாத்துப் பொறாமப்பட முடியுமா, சொல்லுங்க?"

ரவுட்டர் தகுதியுடையது என்ற சான்றோடு திரும்பியது. கூடவே ஓர் அறிவுரையும் வந்தது: கருவியை ஆளுயரத்துக்கு மேல், தூசு படாத இடத்தில் வைக்கவும். மையத்தில் அப்படி இருந்த ஒரே இடம், கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்கு நேர் மேலே இருந்த பலகை. தச்சர் செய்து மாட்டியது. சிஸ்டர் அங்கே வைத்தார். பிறகு மாமனாரை உயரமான ஏணியில் ஏறக் கூடாது, கனமான மரத்தைத் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்று கட்டுப்படுத்திவைத்தார். ரவுட்டர் எழுந்திருக்கும்வரை அவர் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போதைக்கு சிஸ்டரால் செய்ய முடிந்த பராமரிப்பு.

ஏப்ரல் மாதம், ஒரு நண்பகலில், தச்சர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு மையத்துக்குள் வந்தார். தலையில் மரத்தூள் இருந்தது.

"ஒண்ணுமில்ல மருமகளே, வாயு."

மையத்துக்குள் நின்று அவர் மருமகளே என்றது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் அவரைப் படுக்கவைத்து இசிஜி எடுத்தார். படத்தில் கோடுகள் எழும்பியிருந்த விதம் அவருக்கே புரிந்தது. தொலைபேசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்தார்.

"சிஸ்டர், எனக்குப் படம் வரலையே."

"நான் பாத்துச் சொல்றேன் டாக்டர். மேல தூக்கியிருக்கு, மூணு நாலு எடத்துல..."

"நீங்க சொல்றத வச்சு நான் அந்த ஊசியப் போடச் சொல்ல முடியாது. போட்டு வேற ஏதாவது ஆச்சுன்னா? எப்படியாவது அனுப்புங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சிஸ்டர் பலகையைப் பார்த்தார். சிவப்பு விளக்கு மினுக்கியது. அதன் கீழே பாத்திரம் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. அன்று காயத்துக்குத் தையல் போட வந்தவர்கள் அதிகம். மறுதொடக்கக் குழுவைக் கூட்ட வழியில்லை. குழுவின் பொதுமக்கள் பிரதிநிதி கட்டிலில் வியர்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் எதையும் அறிவிக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார். கருவி ஓய்வெடுக்கும்வரை காத்திராமல் மறுபடி செருகினார்.

சிவப்பு. பிறகு மஞ்சள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை விளக்குகள்.

கணினித் திரையில் இணைப்பின் பெயர் வந்தது: நீச்சல்குளம் 2. விடுதிக்காரர்கள் வைத்த பெயரை அழிக்க வாரியத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தச்சரின் இதயம் நீச்சல்குளம் 2 வழியாக மலையைத் தாண்டியது. தொலைபேசியில் காகிதம் சரசரத்தது.

"வந்திருச்சு. போடுங்க சிஸ்டர், உடனே போடுங்க."

ஊசி போடப்பட்டது. வலி குறைந்து முகத்தில் நிறம் திரும்பியதும் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். டிரைவர் கதவைச் சாத்தும்போது தச்சர் திரையில் பார்த்ததைக் கேட்டார்.

"அது என்னப்பா நீச்சல்குளம்? எனக்கு நீச்சல் தெரியாதே."

சில நாட்கள் கழித்து அவர் ஆம்புலன்சிலிருந்து இறங்கித் தாமே நடந்து வீட்டுக்குள் போனார்.

சிஸ்டர் அதற்குள் பாத்திரத்தின் மூடியில் ஒட்டியிருந்த அரக்குக் கட்டியைக் கண்டெடுத்திருந்தார். அதில் பாதி விளக்கு இன்னும் பதிந்திருந்தது. ரவுட்டரைத் திருப்பித் துளைக்குள் பார்த்தார். உள்ளே சின்னப் பொத்தான் தெரிந்தது. முத்திரை வைத்தவர்கள் ஆழமாக அமுக்கியதில் அரக்கு உள்ளே இறங்கி அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது. பொத்தான் அழுந்திய நிலையில் மின்சாரம் கொடுத்தால் அந்த வகை ரவுட்டர் எழுந்திருப்பதில்லை. யாரோ தன்னைப் பழுதுபார்க்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, சிவப்பு விளக்கை மினுக்கியபடி கட்டளைக்குக் காத்திருக்கும். நாற்பதும் மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து காத்திருந்தன.

"அடப்பாவிகளா," என்றார் டிரைவர். "தொண்டைல கட்டைய அடைச்சிட்டு ஏன் பேசலன்னா அது எப்படிப் பேசும்?"

சிஸ்டர் உதவி மையத்துக்கு மகிழ்ச்சியோடு விஷயத்தைச் சொன்னார். அடுத்த வாரம் ஜீப்பில் ஓர் ஆய்வாளர் வந்தார். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு அரக்குக் குச்சி, பித்தளை முத்திரை ஆகியவற்றை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். தச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முத்திரை எங்கம்மா?"

"உருகிருச்சு சார். உருகினதாலதான் வேலை செய்யுது."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அணைக்கும்போது குழு கூடினிச்சா?"

"நேரமில்ல சார். குழுவுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி."

"அப்ப அவருக்குப் பதிலா இன்னொருத்தர நியமிச்சிருக்கணும். சரி, நோயாளியோட இதயம் நீச்சல்குளத்துக்குப் போனதாக் காட்டுதே?"

"அது வெறும் பேரு சார்."

"குளிக்கிற எடத்துக்கு ஒரு நோயாளியோட அந்தரங்கத்த அனுப்பியிருக்கீங்க. நோயாளி உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமனார்."

"ஆக, சொந்தக்காரர்." ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. புரியவைக்க விரும்பினார். "இங்க பாருங்க சிஸ்டர். நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது. அரக்கு அடைச்சா ஓடாது, எடுத்தா ஓடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா முத்திரை இல்லாத கருவி வாரியத்தோட கருவி இல்ல. வாரியத்தோட கருவி இல்லாததுல போன படம், போன படமே இல்ல. படம் போகலன்னா டாக்டர் பாக்கல. டாக்டர் பாக்காம அந்த ஊசியப் போடக் கூடாது. அதனால நீங்க ஊசி போடல. அப்படி எடுத்துக்கிட்டா உங்க மேல நடவடிக்கையும் இல்ல. எவ்வளவு நல்ல வழி பாருங்க."

"ஊசி போடலன்னா இவரு எப்படிப் பொழைச்சாரு?"

"அத நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."

"ஐயா," என்றார் தச்சர் வாசலிலிருந்து. "நான் இருக்கேனா, இல்லையா?"

ஆய்வாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அதப் பத்தி வாரியத்துக்குக் கருத்து எதுவும் இல்லைங்க."

பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றி, அரக்கை உருக்கித் துளையில் ஊற்றி, பித்தளையை வைத்து அமுக்கினார். முறைப்படி குழுவைக் கூட்டி அணைத்துப் போட்டார். பச்சை போய்ச் சிவப்பு மினுக்கியது. "இப்பதான் ஒழுங்கா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஜீப் முதல் வளைவில் திரும்பிய சத்தம் கேட்டதும் சிஸ்டர் தையல் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து அரக்கைச் சுரண்டினார். அதோடு நிற்கவில்லை. காத்திருப்புக் கூடத்தில் பழக்கமான பெண்மணியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மே மாத இறுதிக்குள் பெரும்பாலான மையங்களில் பச்சை விளக்கு எரிந்தது.

வாரியத் தலைமையகத்தில், நாற்பது மையங்களையும் காட்டும் பெரிய திரை ஒன்று உண்டு. அது மாதக்கணக்கில் ஒரே சீரான சிவப்பில் இருந்தது. இப்போது அதில் பச்சைப் புள்ளிகள் தோன்றித் தோன்றிப் பரவின. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் அனைத்து அதிகாரிகளையும் கூட்டி உரையாற்றினார். உரை அச்சிட்டு மையங்களுக்கு அனுப்பப்பட்டது.

"கருவிகள் வேலை செய்கின்றன என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். நான் கேட்கிறேன், யாருடைய அனுமதியோடு வேலை செய்கின்றன? வேலை செய்யாத கருவிக்கு ஆய்வு தேவை, குழு தேவை, நம் ஒவ்வொருவருடைய உழைப்பும் தேவை. வேலை செய்கிற கருவிக்கு நாம் எதற்கு? இன்று ஒரு கருவி நம்மைக் கேட்காமல் எழுந்திருக்கும். நாளை ஒரு மையம் எழுந்திருக்கும். நோயாளி குணமாவது ஒரு நிகழ்ச்சி. அது ஒரு நாளில் முடிந்துவிடும். முத்திரை ஒரு மரபு. அதைக் காப்பதற்காகவே நாம் சம்பளம் வாங்குகிறோம்."

கைதட்டல் நீண்ட நேரம் நீடித்ததாக அச்சுப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் இருந்தது.

அரக்கு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, வெப்பத்தில் உருகாத, கத்தியால் சுரண்ட முடியாத, இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசை வந்தது. ஆய்வாளர்கள் மையம் மையமாகப் போய்த் துளைகளை அடைத்தார்கள். பசை பொத்தானோடு சேர்ந்து கல்லானது. சிஸ்டர் தலைமைக் கிடங்குக்கு, இரண்டாம் மாடிக்கு, மாற்றப்பட்டார். சூடான பொருள்களைக் கையாண்ட அனுபவம் உள்ளவர் என்று உத்தரவு சொன்னது. மையத்துக்கு வந்த புது நர்ஸ் சின்ன வயது. ரவுட்டரைத் தொடவே பயந்தார்.

"வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா மாமா?" என்று சிஸ்டர் தொலைபேசியில் கேட்டார்.

"வந்து? அந்தப் பசையப் பல்லால கடிச்சு எடுப்பியா? இரும்மா. லாரிக்காரன் அனுப்பற காசுல லாரிக்கே டயர் வாங்க முடியாது. நான் நல்லாத்தான் இருக்கேன். நேத்துகூட குழு கூடினிச்சு, நான்தான் 'கண்டோம்' சொன்னேன்."

கிடங்கில் சிஸ்டரின் வேலை, அடுத்து வந்த அனுபவசாலிகளின் துளைகளை அடைப்பது. அவர் பசையைத் துளையின் வாயில் மட்டும் மெல்லியதாகத் தடவினார், பொத்தான்வரை இறங்கவிடவில்லை. வெளியே பார்க்க முத்திரை கச்சிதமாக இருந்தது. அவர் கைப்பட்ட ரவுட்டர்கள் போன இடத்தில் எல்லாம் எழுந்தன. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அவற்றைத் திரும்ப வரவழைத்தார்.

"மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, இது மட்டும் வேற மாதிரி நடந்துக்குது," என்று வருத்தப்பட்டார். "பழுதான சரக்கு. அமுக்கிப் போடுங்கம்மா."

அன்றிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் சிஸ்டரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை முற்பகலில், தச்சருக்கு மறுபடி வலி வந்தது. புது நர்ஸ் இசிஜி எடுத்தார். ரவுட்டர் சிவப்பாக மினுக்கியது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தொலைபேசியில் படத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊசி குளிர்பெட்டியில் இருந்தது. டிரைவர் அவரை ஆம்புலன்சில் ஏற்றி, எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனார். பாதி மலை ஏறும்வரை தச்சர் டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தார். அதற்கு மேல் பேசவில்லை.

கிடங்கின் தொலைபேசிக்குச் செய்தி வந்தபோது சிஸ்டரின் முன்னால் ஒரு தட்டு நிறைய ரவுட்டர்கள் கவிழ்ந்து கிடந்தன. கேட்டுவிட்டு அவர் பையை எடுத்தார்.

"பசை கலந்தாச்சேம்மா, காஞ்சிரும்," என்றார் மேற்பார்வையாளர். "இந்தத் தட்ட மட்டும் முடிச்சிட்டுப் போயிடுங்களேன்."

சிஸ்டர் முடிக்காமல் போனார். மீதித் துளைகளை வேறொருவர் அடைத்தார்.